சுகததாச அரங்கும் தோட்டத்துப் பந்தும்

1995 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் பிரட்டு இல்லாத நாள். ஹட்டனுக்கு மேலே, தோட்டச் சந்தியிலிருந்த வாப்பாவின் சில்லறைக் கடை வாசலில் இருபது முப்பது பேர் கூடி நின்றார்கள். பருப்பு மூட்டையின் மேல் வானொலிப் பெட்டி. கொழும்பிலிருந்து வந்த சிங்கள நேர்முக வர்ணனையைக் கேட்டுக் கேட்டு வாப்பா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது.

சுகததாச விளையாட்டரங்கில் தெற்காசிய தங்கக் கிண்ண உதைபந்தாட்டத்தின் இறுதியாட்டம். இலங்கையை எதிர்த்து ஆடியது இந்தியா. 1993இல் லாகூரில் நடந்த முதலாவது சுற்றுப்போட்டியின் சம்பியன் அவர்கள்தான். வழமையான நேரத்தில் கோல் விழவில்லை. மேலதிக நேரத்தில் முதல் கோலைப் போடும் அணியே வென்றதாகும் என்பது அக்கால விதி. அந்த ஒரு கோலை இலங்கை போட்டது. கடை வாசல் அதிர்ந்தது. காது மந்தமான முதியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து, “நம்ம புள்ளைக ஜெயிச்சிட்டாங்களா தம்பி?” என்று கேட்டார்.

அந்த ‘நம்ம’ என்ற சொல்லின் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் வரலாறு படித்தபோதுதான் தெரிந்தது. அந்த முதியவருக்குப் பிரஜாவுரிமை இருக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இல்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது. 1988இல் ஒரு சட்டம் வந்தும் மிச்சம் நின்றோர் பலர். 2003ஆம் ஆண்டின் சட்டம்தான் அந்தக் கணக்கை முடிக்க முன்வந்தது. அதற்கு எட்டு வருடம் முன்பே, எதிரணியில் இந்தியா நின்ற ஆட்டத்தில், அவர் தம் அணி எதுவென்று சொல்லிவிட்டார்.

அந்த நாளுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 1995 ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19இல் முறிந்தது. சுற்றுப்போட்டி நடந்தது அந்த இடைவெளியில்தான். இரண்டு வாரம் கழித்து அடையாள அட்டை, சோதனைச் சாவடி என்று பழைய வாழ்க்கை திரும்பியது. அடையாள அட்டையே இல்லாதவனுக்கு கோட்டை புகையிரத நிலையத்தைத் தாண்டுவதே ஒரு பெரும் ஆட்டம்.

கொட்டாஞ்சேனைக்கு அருகேயுள்ள இந்த அரங்கு, கொழும்பு மாநகர முதல்வராக இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கியது. ஏறத்தாழ 25,000 பேர் அமரலாம். உலகின் பேரரங்குகளோடு ஒப்பிட்டால் இது சிறியதே. உதைபந்தாட்டத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. சுற்றிலும் ஓடுபாதை இருப்பதால் பார்வையாளர் பந்திலிருந்து சற்று விலகியே உட்கார வேண்டும். 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழாக்களை இது கண்டது. அவ்விரு முறையும் உதைபந்தாட்டத் தங்கத்தைப் பாகிஸ்தான் கொண்டு சென்றது. 2006இல் இறுதியாட்டத்தில் தோற்றது இலங்கைதான்.

2004இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்காக சவூதி அரேபியா கொழும்புக்கு வந்தது. உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆடிப் பழகிய அந்த அணியால் இங்கே ஒரேயொரு கோலைத்தான் போட முடிந்தது. தோல்விதான், ஆனாலும் தலைநிமிர்ந்த தோல்வி. 2008இல் தெற்காசிய சம்பியன்ஷிப்பை மாலைதீவும் இலங்கையும் சேர்ந்து நடத்தின. கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில் மாலைதீவு இந்தியாவை 1–0 என வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. சனத்தொகையில் நம்மைவிட மிகச் சிறிய தீவுக்கூட்டம் அது! 2010இல் ஏஎஃப்சி சலஞ்ச் கிண்ணமும் கொழும்புக்கு வந்தது. பெனல்டி உதைகளில் துர்க்மெனிஸ்தானை வென்ற வட கொரியா, அதன் வழியே 2011 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது.

இலங்கையில் கிரிக்கெட் நெடுங்காலம் பெரிய கல்லூரிகளின் ஆட்டமாயிருந்தது. உதைபந்து ஒழுங்கைகளின் ஆட்டம். கொம்பனித் தெருவின் ஜாவா லேன் கழகம் அங்குள்ள மலாயர், சோனகர் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. சப்பாத்து இல்லாதவனும் ஆடலாம். ஒரு பந்தும் ஒரு துண்டுத் தரையும் போதும்.

மலைநாட்டில் அரிதானது அந்தத் துண்டுத் தரைதான். சரிவெல்லாம் தேயிலை. தட்டையான இடம் கிடைத்தால் அங்கே தொழிற்சாலை, அல்லது லயம், அல்லது பிரட்டுக்களம். எங்கள் பாடசாலை மைதானத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு கீழ்மலை ஓடை வரை போகும். எடுத்து வரும் வரை ஆட்டம் நிற்கும். ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஆடக் கிடைப்பதே எங்கள் பிள்ளைகளுக்குப் பெருநாள். ஆனால் டன்பாரிலிருந்து சுகததாசவுக்கு ஏறிப்போக ஒழுங்கான படிகள் வேண்டும். பயிற்றுநர், சத்தான சாப்பாடு, பஸ் காசு, திறமையைக் கண்டு கைபிடித்துப் போக ஒருவர் என்று அந்தப் படிகளுக்குப் பல பெயர் உண்டு.

தேசிய அணியின் ஆட்டங்கள் பின்னர் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போயின. 2021இல் அங்கு நடந்த நான்கு நாடுகள் சுற்றுப்போட்டியின் இறுதியில் சீஷெல்ஸிடம் பெனல்டி உதைகளில் தோற்றோம். 2023 ஜனவரியில் இலங்கையைத் தடைசெய்த ஃபிஃபா, ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. 2025 ஜூனில் அதே ரேஸ்கோர்ஸில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் சீன தாய்பேயை 3–1 என வென்றோம். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் அந்த அணிக்கு வலுச்சேர்த்திருந்தார்கள். அவர்கள் வரட்டும்; நம் பிள்ளைகள்தாம். கடல் கடந்து ஜேர்மனி வரை போய்த் தேடத் தெரிந்த கண்கள் ஒரு நாள் நானுஓயாவில் இறங்கி, இந்தப் பிள்ளைகளையும் பார்க்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த முதியவர் 2003க்கு முன்பே காலமானார். சட்டம் அவரை நம்மவர் என்று எழுதும்வரை அவர் காத்திருக்கவில்லை. கண்ணால் ஒருபோதும் காணாத ஓர் அரங்கில் வானொலி வழியாக அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அவருடைய பேரன் இன்று என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறான். இடது காலால் உதைப்பான். பந்து ஓடைக்குப் போனால் முதலில் ஓடுகிறவனும் அவன்தான்.