சுண்ணாம்பு தடவிய கலயம்

மாரியூர்க் கடற்கரையை விட்டுச் சாயல்குடி நோக்கிச் செல்வோர்க்குப் பனைகளே வழித்துணை. மழை பொய்த்தாலும் பனை பொய்க்காத பூமி இது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதனீர். தடவாவிடில் அதே சாறு புளித்துக் கள்ளாகும். அந்த ஒரு விரல் சுண்ணாம்பைக்கொண்டே தொழிலையும் குற்றத்தையும் சட்டம் பிரித்தது.

1937 அக்டோபர் முதல் நாளில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. (கடைக்காரரிடம் வரியைக் குறித்து முணுமுணுப்போர் பலர் இதனை அறியார்!) உலகப்போர்க் காலத்தில் நிறுத்தப்பட்ட மதுவிலக்கு, ஓமந்தூரார் ஆட்சியில் 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. பனையேறிகளுக்குப் பதனீர் இறக்க உரிமமும், பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களும் வாய்த்தன. கூடவே சந்தேகமும் வாய்த்தது. "சாமி, எங்க கலயத்தை எங்களுக்கு முந்தி மோந்து பார்த்தது போலீசுதான்" என்றார் முதியவர் ஒருவர். சுண்ணாம்பு சற்றுக் குறைந்தாலே புளிப்பு ஏறும். அது கவனக்குறைவா, கள்ளத்தனமா என்பதை மூக்கு எவ்வாறு தீர்மானிக்கும்?

1971இல் விலக்குத் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் கடைகள் திறந்தன. 1987 முதல் கள்ளுக்குக் கதவு அடைபட்டது. 2003இல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்கத் தொடங்கிற்று. பனையேறி இறக்கினால் குற்றம், அரசு விற்றால் வருவாய் என்னும் இந்நிலையை நம் மக்களிடம் நியாயப்படுத்த என்னால் இயலவில்லை.

ஆயினும், 'என் காசு, என் விருப்பம்' என்னும் சுதந்திரவாதமும் எனக்கு உடன்பாடன்று. அந்தக் காசில் மனைவியின் கூலியும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கலந்திருப்பதைப் பங்குத் தந்தையர் அறிவர். சட்டம் எல்லாத் தீயொழுக்கங்களையும் தடை செய்யலாகாது. பிறர்க்குத் தீங்கிழைக்கும் பெருங்குற்றங்களையே முதன்மையாகத் தடுக்க வேண்டும். நற்பண்பிற்கு மாந்தரைப் படிப்படியாகவே இட்டுச் செல்ல வேண்டும் என்பது புனித அக்குவினா தோமையாரின் கருத்து. வலுவற்றோர் தோள்மீது திடீரெனப் பெருஞ்சுமை ஏற்றினால், அவர்கள் அதனினும் பெரிய தீமையில் விழக்கூடும் என்றும் அவர் அஞ்சினார். மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயச் சாவுகளைக் கண்ட நமக்கு அவ்வச்சம் புதிதன்று.

அந்தப் 'படிப்படியை' யார் கற்பிப்பது? தவக்காலத்தில் குடிப்பதில்லையென வாக்களித்து, உயிர்ப்புப் பெருவிழா இரவிலேயே கடைக்கு ஓடுவோரை நானும் கண்டிருக்கிறேன். நாற்பது நாள் அவர்களைத் தடுத்து நிறுத்தியது எந்தக் காவலருமில்லை. நாற்பத்தோராம் நாளுக்கு அவர்களை ஆயத்தப்படுத்தத் தவறியதில் எனக்கும் பங்குண்டு.