குழந்தைக்கும் வலிக்கும்

பச்சிளங் குழந்தைகளுக்கு வலி தெரியாது என்ற எண்ணம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. 1980களில்கூடப் பல குழந்தைகளுக்குப் போதிய வலிநிவாரணி இல்லாமலேயே அறுவை சிகிச்சை நடந்தது. 1987இல் ஆக்ஸ்ஃபர்டில் கன்வல்ஜீத் ஆனந்த் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. வலிநிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகள் அறுவைக்குப் பின் நன்றாகத் தேறினர்.

வலியைத் தடுக்கும் வழியோ அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே பிறந்துவிட்டது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர், கொக்கேய்ன் சொட்டுகளால் கண்ணை மரத்துப்போகச் செய்தார். விரைவிலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அம்மருந்தை நரம்பருகே ஊசியால் செலுத்தினார். 1914இல் ஜெர்மானியரான மாக்ஸ் கப்பிஸ், வயிற்றின் பின்புறமுள்ள நரம்புப் பின்னலை மரத்துப்போகச் செய்யும் முறையை விவரித்தார். கல்லீரல், கணையம் ஆகியவற்றின் வலி மூளைக்குச் செல்லும் பாதை அது.

இன்று புற்றுநோயால் துடிக்கும் குழந்தைகளுக்கும் இம்முறை சில வேளைகளில் கைகொடுக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2012இல் குழந்தைகளுக்கு வகுத்து, 2019இல் திரும்பப் பெற்ற வழிகாட்டுதலின் இரண்டு படிகளில் முதலாவது பாராசிட்டமால் அல்லது ஐபுபுரோஃபென். இரண்டாவது மார்ஃபின் போன்ற மருந்து. அவை போதாதபோது, அல்லது பக்கவிளைவுகள் தாங்க முடியாதபோதுதான் நரம்புத் தடுப்பு. குழந்தை அசையாதிருக்க மயக்கம் கொடுத்து, ஸ்கேன் உதவியுடன் ஊசி செலுத்தப்படுகிறது.

மரப்பு மருந்தின் பலன் சில மணி நேரமே. மெல்லிய குழாய் பொருத்தினால் பல நாட்கள் நீடிக்கும். ஆல்கஹால் அல்லது ஃபீனால் நரம்பையே செயலிழக்கச் செய்து மாதக்கணக்கில் வலியைக் குறைக்கலாம். ஆனால் கால் தளரலாம், சிறுநீர்க் கட்டுப்பாடு போகலாம். ஆகவே பெற்றோரிடம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. நோய் தீராவிட்டாலும், பிள்ளை வலியின்றி உறங்கும் ஓர் இரவு அந்தக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.