வெள்ளை மரங்களும் ஒரு கறுப்புக் கண்ணாடியும்

நம் கல்லூரி நூலகத்துக்குப் போகும் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. பார்த்திருப்பீர்கள். மெயின் பிளாக்குக்குப் போகும் ரோட்டின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், இலையெல்லாம் வெள்ளை வெளேர் என்று, வானம் மட்டும் கன்னங்கறேல் என்று. போன சந்திப்பின்போது அதன் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தம் நண்பரிடம், "நம்ம ஊர்ல எங்கடா பனி பெஞ்சுது? எல்லாம் கம்ப்யூட்டர் வேலை" என்றார். அதை எடுத்தது நான்தான், 2010 ஏப்ரலில், இறுதியாண்டு பரீட்சைக்கு முன்னால். "இல்ல தம்பி, கேமராவுக்கு முன்னால ஒரு கறுப்பு ஃபில்டர் வச்சு எடுத்தது" என்றேன். தம்பி மரியாதையாகத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த மரங்கள் இப்போது இல்லை. 2014-ல் ரோட்டை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள். மரமும் போய், போட்டோவும் பொய் என்றாகிவிட்டால் என்ன செய்வது? மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டதும் இந்த விஷயத்தையே எடுத்துக்கொண்டேன்.

கதை 1800-ல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அதுவும் ஃபில்டரில்தான் தொடங்குகிறது. வில்லியம் ஹெர்ஷல் முதலில் சங்கீதக்காரர், பிறகு வானியலாளர். 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கியில் சூரியனைப் பார்ப்பதற்காக விதவிதமான நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் கொஞ்சம்தான், சூடோ தாங்கவில்லை. வேறு சிலவற்றில் வெளிச்சம் நிறைய, சூடு இல்லை. அப்படியானால் சூடும் வெளிச்சமும் எல்லா நிறத்திலும் ஒரே அளவில் கலந்திருக்கவில்லை என்று யோசித்தார். முப்பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து, குமிழில் கறுப்பு பூசிய தெர்மாமீட்டரை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் இன்னும் அதிகமாக ஏறியது. நாம் பிளஸ் டூவில் அகச்சிவப்பு என்று படித்தது அதுதான்.

கண்ணுக்குத் தெரியாததைப் போட்டோ பிடிக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காரணம், வெள்ளி உப்பு பூசிய அந்தக் காலத்து பிளேட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் உறைக்கும். 1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், பிளேட்டில் தகுந்த சாயத்தைச் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியும் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு சாயம் தேடிய வேதியியல்காரர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

இப்போது நம் கதாநாயகர் வருகிறார். ராபர்ட் வுட், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர். இவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. தம் நிறமாலைமானியின் நீண்ட குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியபோது, வீட்டுப் பூனையை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் வெளியே வரவழைத்துக் குழாயைச் சுத்தம் செய்தவர் என்று இவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1904-ல் பிரான்சில் புளோண்ட்லோ என்ற விஞ்ஞானி 'என் கதிர்' என்று புதிதாக ஒன்றைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வுட் நேரே அவருடைய ஆய்வகத்துக்குப் போய், இருட்டில் கருவியிலிருந்த முப்பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அப்போதும் அவர்கள் அந்தக் கதிரைப் 'பார்த்து' அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தோடு 'என் கதிர்' கதை முடிந்தது. இல்லாத கதிரை ஒழித்த அதே ஆசாமி, ஆறு வருஷம் கழித்து இருக்கிற கதிரைப் படம் பிடித்துக் காட்டினார்.

எப்படி? அடர்ந்த நீல கோபால்ட் கண்ணாடி ஒன்று, அதோடு ஆரஞ்சு நிற பொட்டாசியம் பைக்ரோமேட் கரைசல். கோபால்ட் கண்ணாடி நீலத்தையும் கடைக்கோடிச் சிவப்பையும் விடும், நடுவில் உள்ளதைத் தடுக்கும். ஆரஞ்சுக் கரைசல் அந்த நீலத்தைத் தடுக்கும். இரண்டையும் தாண்டி மிச்சம் வருவது சிவப்பின் கோடியும் அதற்கு அப்பாலும்தான். அன்றைய பிளேட்டை வைத்துக்கொண்டு நல்ல வெயிலில் சில நிமிஷம் திறந்து வைத்து எடுத்தார். 1910-ல் லண்டன் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி சொற்பொழிவில் அந்தப் படங்களைக் காட்டினார். மரமெல்லாம் வெள்ளை, வானமெல்லாம் கறுப்பு. நம் தம்பி அங்கே இருந்திருந்தால் கம்ப்யூட்டர் மீது பழி போட வழியில்லாமல் திண்டாடியிருப்பார். இலை இப்படி வெளுப்பதற்கு ஆங்கிலத்தில் 'வுட் எஃபெக்ட்' என்று பெயர். மரத்துக்கு ஆங்கிலத்தில் வுட் என்பதால் வந்த பெயர் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை, அது பேராசிரியரின் பெயர்.

இலை ஏன் வெளுக்கிறது? பச்சையம் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கும். சுமார் 700 நானோமீட்டரைத் தாண்டினால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும், எதையும் விழுங்காது. திருப்பி அனுப்புவது இலைக்குள் இருக்கும் பஞ்சு மாதிரியான திசு. அங்கே செல்லும் காற்றறையும் மாறி மாறி இருப்பதால் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. கற்கண்டு தெளிவாக இருக்கும், பொடித்தால் வெள்ளையாகிவிடுமே, அதே சங்கதிதான். பச்சை ஒளியில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் இலை, அகச்சிவப்பில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பித் தருகிறது. வானம் கறுப்பதற்குக் காரணம், காற்று நீலத்தைச் சிதறடிக்கிற அளவுக்கு அகச்சிவப்பைச் சிதறடிப்பதில்லை. 450 நானோமீட்டரோடு 750-ஐ ஒப்பிட்டால் சிதறல் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான்.

இன்னொரு குழப்பம். 2020-ல் கடைவாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் காய்ச்சல் துப்பாக்கி பார்க்கும் அகச்சிவப்பு வேறு. உடம்பின் சூடு 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி வெளிப்படுகிறது. நம் போட்டோவில் பதிவது 0.7 முதல் 1 மைக்ரானுக்குள், அதுவும் சூரியனிடமிருந்து வந்து இலையில் பட்டுத் திரும்பிய ஒளி. இருட்டில் பேய் பிடிக்கும் கேமரா இல்லை இது.

வுட் செய்தது ஆய்வகக் கைவேலை. அதைக் கடையில் கிடைக்கும் பொருளாக்கியதில் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் குராய்டனில் ராட்டன் அண்ட் வெயின்ரைட் என்று ஒரு சிறு பிளேட் கம்பெனி. அங்கே கென்னத் மீஸ் என்ற இளம் விஞ்ஞானி ஃபில்டர் செய்துகொண்டிருந்தார். ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வரும்படி அவரை அழைத்தார். மீஸோ, "வருகிறேன், ஆனால் எங்கள் கம்பெனியையும் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்கிற மாதிரி நிபந்தனை போட்டார். 1912-ல் அப்படியே வாங்கிவிட்டார்கள். ஆளுக்காகக் கம்பெனியை வாங்கிய கதை! இன்றும் ஃபில்டர்களுக்கு ராட்டன் 87, ராட்டன் 89பி என்று எண் சொல்வது அந்த முதலாளியின் பெயரால்தான்.

இரண்டாம் உலகப் போரில் இது யுத்தக் கருவியாயிற்று. பச்சைப் பெயின்ட் அடித்து, வெட்டிய கிளைகளைப் போட்டு மூடிய பீரங்கி, கண்ணுக்குத் தோப்பு மாதிரி இருக்கும். அகச்சிவப்பு உணரும் கலர் பிலிமில் உயிருள்ள இலை செக்கச்செவேல் என்று விழும், பெயின்ட் வேறு நிறத்தில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். நீலத்தைத் தடுக்க லென்ஸ் முன்னால் ஒரு மஞ்சள் ஃபில்டர் மட்டும் வேண்டும்.

ஒளிந்திருக்கும் பீரங்கியைப் பிடிக்க வந்த அந்த உத்தியை நம் பக்கத்தில் தென்னை மரத்துக்குப் பயன்படுத்தினார்கள். பி.ஆர். பிஷாரடி கேரளத்துக்காரர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து, பிறகு வானிலைத் துறைக்குப் போனவர். விக்ரம் சாராபாய் காலத்து அகமதாபாத்தில் சேர்ந்த அவர், 1970-ல் கேரளத்துத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் கேமராவை ஏற்றி, அகச்சிவப்பு கலர் பிலிமில் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். வேர் வாடல் நோய் பிடித்த மரங்கள் படத்தில் வேறு நிறம் காட்டின. இந்தியாவில் தொலையுணர்வு தொடங்கியதே அந்தத் தோப்பில்தான். 1988 மார்ச் 17-ல் ஏவிய ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளிலும் அகச்சிவப்புக்கென்று ஓர் அலைவரிசை இருந்தது. வரைபடங்களில் பயிரும் காடும் சிவப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் பூர்வீகம் இது.

பிஷாரடியைப் பற்றிப் படித்த அன்று எழுந்துபோய் என் பழைய போட்டோவை உற்றுப் பார்த்தேன். இடது வரிசையில் மூன்றாவது மரம் மற்றவை மாதிரி வெள்ளையில்லை, சாம்பல் நிறம். எடுத்தபோது வெளிச்சம் சரியில்லை என்று அதைத் திட்டியது நினைவிருக்கிறது. 2012-ல் அந்த மரம்தான் முதலில் பட்டுப்போயிற்று. ஜூனியர்கள் சொல்லித் தெரிந்தது. நோய்தானா, அல்லது ஓடிப்போன ஒரு மேகத்தின் நிழலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரே ஒரு போட்டோவை வைத்து மரத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று தாவரவியல் தெரிந்த நண்பர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த மாடிப்படித் திருப்பத்தில் நின்றால் என் கண் அந்த மரத்துக்குத்தான் போகிறது.

பிலிம் காலம் முடிந்தது. ஹெச்.ஐ.ஈ. என்ற பெயர்பெற்ற அகச்சிவப்பு பிலிமை கோடாக் 2007-ல் நிறுத்திவிட்டது. கும்மிருட்டில்தான் கேமராவில் மாட்ட வேண்டும் என்கிற பிடிவாதக்கார பிலிம் அது. வேடிக்கை என்னவென்றால், அதன் இடத்துக்கு வந்த டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்ஸருக்கு இயல்பாகவே 1100 நானோமீட்டர் வரை கண் தெரியும். சாயமெல்லாம் வேண்டாம். ஆனால் அது நிறங்களைக் கெடுக்கும் என்று கம்பெனிக்காரர்களே சென்ஸரின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை ஒட்டி அனுப்புகிறார்கள். வுட் மற்ற ஒளியைத் தடுத்து இதை உள்ளே விட்டார்; இவர்கள் மற்றதை விட்டு இதைத் தடுக்கிறார்கள். 1998-ல் சோனி வீடியோ கேமரா ஒன்றில், இரவில் படம் பிடிக்க இந்தத் தடுப்பை விலக்கும் வசதி இருந்தது. பகலில் பயன்படுத்தினால் சில துணிகளை ஊடுருவித் தெரிகிறது என்று கூச்சல் கிளம்ப, கம்பெனி வடிவமைப்பை மாற்றியது. 2006-ல் வந்த லைக்கா எம்8-ல் தடுப்பு மெல்லியது. கறுப்புக் கோட்டு கத்தரிப்பூ நிறத்தில் விழ, வாங்கியவர்களுக்கு லென்ஸில் மாட்ட ஃபில்டரை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

எல்லாத் தடுப்பிலும் கொஞ்சம் ஒழுகும். நமக்கு அந்த ஒழுகல் போதும். டி.வி. ரிமோட்டை உங்கள் கேமராவுக்கு நேரே நீட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் மினுக்கென்று தெரிந்தால் வேலை நடக்கும். 2010-ல் கையில் காசில்லாத நான், டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணனிடம் கெஞ்சி, கழுவிய கலர் நெகட்டிவின் வெளிச்சம்பட்ட கறுப்பு வால்துண்டுகளை வாங்கி, இரண்டாக மடித்து, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய டிஜிட்டல் கேமராவின் முன் ஒட்டினேன். நெகட்டிவின் சாயம் அகச்சிவப்பைத் தடுக்காது. இப்போது அந்த அவஸ்தை வேண்டாம். ஹோயா ஆர்72 அல்லது 720 என்று போட்ட ஏதாவது ஒரு ஃபில்டரை, லென்ஸ் மூடியில் எழுதியிருக்கும் விட்டத்துக்குத் தகுந்தாற்போல் வாங்கலாம். அதை மாட்டினால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. ஆகவே கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, படத்தை அமைத்து, ஃபோகஸ் செய்து பூட்டிய பிறகு மாட்டுங்கள். எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 400, 10 முதல் 30 விநாடி. முதல் படம் கறுத்தால் கூட்டுங்கள். மற்றவர்கள் போட்டோ எடுக்காத உச்சிவெயில்தான் இதற்கு நல்ல நேரம். காற்றடித்தால் இலை பஞ்சு மாதிரி கலையும். புல்தரையைக் காட்டி வொயிட் பேலன்ஸ் வையுங்கள். சில லென்ஸ்களில் படத்தின் நடுவில் வெள்ளை வட்டம் விழும். உங்கள் தப்பில்லை, லென்ஸை மாற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: அந்த ஃபில்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். கறுப்பாக இருக்கிறதே என்று கண் விரியும், சுடுகிற கதிர் முழுசாக உள்ளே போகும். உள்ளே ஒட்டிய தடுப்பை நாமே கழற்றிவிடலாம் என்று சின்ன கேமராவைத் திறப்பவர்களும் ஜாக்கிரதை, ஃப்ளாஷ் கெபாசிட்டர் பலமாக அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது.

எடுத்ததும் படம் செங்கல் நிறத்தில் இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கியது கம்ப்யூட்டரில்தான். ஆக, தம்பி சொன்னதில் கால்வாசி நிஜம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில், மதியம் 12 மணிக்கு மெயின் பிளாக் வாசலில் ட்ரைபாடோடு நிற்பேன். ரோட்டோரம் புதிதாக வைத்த புங்கமரங்கள் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. பழைய படம் எடுத்த அதே இடத்தில் கேமராவை வைக்கப் போகிறேன். அந்தத் தம்பியும் வர வேண்டும். ஃபில்டரை அவரே மாட்டட்டும்.