வேர்சாய் உடன்படிக்கையும் ஓர்ப்பெனின் ஓவியங்களும்

1919 யூன் 28இல் வேர்சாய்க் கண்ணாடி மண்டபத்தில் ஜேர்மனியப் பிரதிநிதிகள் சமாதான உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அம்மாநாட்டை ஓவியமாக்கும் பணியைப் பிரித்தானிய அரசு வில்லியம் ஓர்ப்பெனிடம் ஒப்படைத்திருந்தது. அவரது கையொப்பக் காட்சியில் குளெமென்சோ, வில்சன், லொயிட் ஜோர்ஜ் ஆகியோர் நடுவே வீற்றிருக்கின்றனர். எனினும், மேலே ஓங்கி நிற்கும் கண்ணாடிகள் அவர்களைச் சிறியோராக்கிவிடுகின்றன.

போர்முனையை நேரிற் கண்டவர் ஓர்ப்பென். மாண்ட வீரரின் நினைவு அவரை விட்டகலவில்லை. ஆதலின், மூன்றாம் ஓவியத்தில் தாம் தீட்டிய அரசியலாளரையும் தளபதிகளையும் அழித்து, கொடி போர்த்திய சவப்பெட்டியொன்றை வரைந்தார். அதன் இருமருங்கும் கந்தலணிந்த இரு வீரரை நிறுத்தினார். 1923இல் காட்சிக்கு வந்த அவ்வோவியத்தை ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகம் ஏற்க மறுத்தது. அவ்வீரரின் உருவங்கள் நீக்கப்பட்ட பின்னர், 1928இலேயே அது ஏற்கப்பட்டது.

நினைவோவியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், அதில் எஞ்சியோரை மட்டுமன்றி நீக்கப்பட்டோரையும் கருதுதல் வேண்டும்.