ஒரே நாள், இரு விளையாட்டரங்குகள், நடுவே பாலக்காடு: சென்னை சிட்டியின் கோவைப் பருவம்

2019 மார்ச் 9 அன்று இந்தியத் தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் பட்டம் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் முடிவாகிக்கொண்டிருந்தது. ஒன்று கோயம்புத்தூர், மற்றொன்று கோழிக்கோடு. விளையாட்டுப் பக்கங்கள் இதனைச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையிலான போட்டியாகவே பதிவு செய்தன. ஆனால் அன்று ஆட்டம் சென்னையிலும் நடைபெறவில்லை, கொல்கத்தாவிலும் நடைபெறவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் நடைபெற்றது. அணியின் பெயரில் உள்ள ஊருக்கும் அணி ஆடும் ஊருக்கும் உள்ள இடைவெளி, விளையாட்டு வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒன்று.

சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. சென்னை நேரு விளையாட்டரங்கு அப்போது இந்தியன் சூப்பர் லீக்கின் சென்னையின் எஃப்.சி. அணியோடு அடையாளப்பட்டிருந்தது. 2018-19இல் சென்னை சிட்டியின் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கு. அது புதிதாகக் கட்டப்பட்ட அரங்கு அன்று. ஓடுபாதை சூழ்ந்த பழைய பொது அரங்கு. அங்கு வந்த அணிதான் புதியது.

அப்பருவத்தில் 11 அணிகள் மோதின. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் சென்னை சிட்டியின் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த நெஸ்தர் கோர்டில்லோ, சாந்த்ரோ ரொத்ரிகஸ் போன்றோரும், தமிழ்நாட்டின் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்றோரும் ஒரே அணியில் ஆடினர். உருகுவேயில் பிறந்த பெத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். பெரிய கொல்கத்தா அணிகளின் செலவோடு போட்டியிட இயலாத ஓர் அணி, பந்தைத் தன் வசம் வைத்துக் குறுகிய கடத்தல்களால் முன்னேறும் ஆட்டமுறையை நம்பியது.

இறுதி நாளில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள்; ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாப் தொடக்க நிமிடங்களிலேயே கோல் அடித்து முந்தியது. இடைவேளையில் சொந்த அரங்கிலேயே பின்தங்கி நின்ற அணி, இரண்டாம் பாதியில் மான்சியின் பெனால்டி மூலம் சமன் செய்தது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா, மார்க்கஸ் ஜோசப்பின் கோலால் முந்தியது. ஆனால் ஈஸ்ட் பெங்கால் மீண்டெழுந்து 2-1 என வென்று 42 புள்ளிகளை எட்டியது. எனவே கோவையில் சமன் போதாது, வெற்றியே வேண்டும். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1 என வென்ற சென்னை சிட்டி, 43 புள்ளிகளுடன் ஐ-லீக் பட்டம் பெற்ற முதல் தமிழ்நாட்டு அணியானது.

இந்நாளை நிலவரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை நிறைவுற்ற இருப்புப்பாதை, கோவைக்கு அருகிலுள்ள போத்தனூரைத் தொட்டுக் கணவாய் வழியே பாலக்காட்டுக்கும் அப்பால் மலபார்க் கடற்கரைக்கும் சென்றது. 1956 நவம்பர் 1 வரை கோவை, பாலக்காடு, கோழிக்கோடு மூன்றும் சென்னை மாநிலத்தின் ஊர்களே. மொழிவழி மாநில எல்லை வாளையாற்றில் விழுந்த பின், ஒரு பக்கத்து ஆட்டம் 'பந்தாட்டம்' எனவும் மறுபக்கத்து ஆட்டம் 'பந்துகளி' எனவும் தனித்தனி வரலாறுகளாக எழுதப்படலாயின. மலபாரின் எழுவர் கால்பந்து கேரள வரலாற்றுக்குள் சென்றது. கோவையின் கால்பந்து தமிழக வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாக நின்றது.

இவ்விரண்டுக்கும் இடையில் விடுபடுவோர் எல்லைத் தமிழர். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பகுதிகளில் வாழ்வோருக்குக் கோவை அண்டை நகரம். சென்னை தொலைதூரத் தலைநகரம். திருவனந்தபுரம் ஆட்சித் தலைநகரம். இடுக்கியின் மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களுக்கு இடையிலான ஃபின்லே கேடயத்துக்காகப் பந்தாடிவந்துள்ளனர். தேவிகுளம், பீர்மேடு குறித்து 1950களின் எல்லைப் போராட்டம் பற்றி நூல்கள் உண்டு. அதே மண்ணில் ஆடப்பட்ட பந்தாட்டம் அந்நூல்களில் இடம்பெறுவது அரிது. மாநில வாரியாக எழுதப்படும் விளையாட்டு வரலாற்றில் இவர்கள் எந்த அணியின் பக்கம் நிற்பவர்கள் என்ற கேள்விக்கு இடமில்லை.

பெயரும் இடமும் பிரிவது உலகில் புதிதன்று. அமெரிக்கக் கால்பந்தின் நியூயார்க் ஜயன்ட்ஸ் 1976 முதல் நியூஜெர்சி மாநிலத்தில் ஆடிவருகிறது, பெயர் மாறவில்லை. எனினும் அங்கு நிலைத்த வருவாயும், ஆற்றுக்கு அப்பாலிருந்தே வந்து சேரும் பழைய ரசிகர்களும் அணியைத் தாங்கினர். கோவையில் நிகழ்ந்தது வேறு. 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அணி சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2020 தொடக்கத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் சென்னை சிட்டி தோற்றது. இதற்கிடையில் இந்தியன் சூப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலை லீக் எனும் ஏற்பாடு வந்து, ஐ-லீக் பட்டத்தின் மதிப்பு குறைந்தது. 2020-21 பருவத்துக்குப் பின் அந்த லீக்கில் சென்னை சிட்டி இல்லை.

பட்டத்திலிருந்து மறைவு வரை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். இவ்வீழ்ச்சியை நிதி, நிருவாகம் ஆகியவற்றால் மட்டும் விளக்குவது முழுமையாகாது. தனக்கென மைதானம் இல்லாமல், தன் பெயரில் இல்லாத ஊரில் ஆடிய அணிக்கு, நெருக்கடி வந்தபோது உரிமை கோரி நிற்க எந்த ஊரும் இல்லை. சென்னைக்கு அது கோவையின் அணி. கோவைக்கு அது சென்னையின் பெயர்.

வாளையாறுக்கு இருபுறமும் உள்ள விளையாட்டு மன்றங்கள், தோட்டப் போட்டிகள், பள்ளி அணிகள், நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்கள் ஆகியவற்றை ஒரே ஆய்வுப்பரப்பாகக் கொண்டு தொகுத்தால் மட்டுமே 2019 மார்ச் 9 ஒரு தற்செயல் வெற்றியா, ஒரு நீண்ட மரபின் வெளிப்பாடா என்பதற்கு விடை கிடைக்கும். அப்பணிக்குத் தமிழும் மலையாளமும் அறிந்த எல்லைப்பகுதி மாணவர்களே மிகவும் தகுதியானவர்கள். நேரில் கண்டவர்களின் நினைவு இன்னும் புதிதாக இருக்கும் காலத்திலேயே அது தொடங்கப்பட வேண்டும்.