நகரா விசை

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுத ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி என ஐந்து விசைகளைத் தட்டவேண்டும். யாழ்ப்பாணத்து அச்சகங்களில் கல்வெட்டும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) கலியாணக் கார்ட்டும் கோயில் நோட்டீசும் அடித்துப் பழகியவர்களுக்கு இது யோசிக்காமலே வரும். ஜே என்ற ஒலிக்கும் ‘த’ என்ற எழுத்துக்கும் ஓர் உறவும் இல்லை. அப்படியானால் ‘த’ ஏன் அங்கே போய் உட்கார்ந்தது? கணினி செய்தவர்கள் யாரும் அதை அங்கே வைக்கவில்லை. கணினிக்கு வெகு காலம் முன்பே, சுண்டிக்குளியில் பிறந்த ஒருவர் தொடங்கிவைத்த வேலை அது.

இராமலிங்கம் முத்தையா 1886 இல் பிறந்தார். அன்றைய யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்களுக்கு மலாயா ஒரு வாசல். அங்கே ரயில்வேயிலும் தோட்டக் கம்பனிகளிலும் எழுதுவினைஞர்களாக யாழ்ப்பாணத்தவர் நிறைந்திருந்தனர். முத்தையாவும் அப்படிக் கப்பலேறியவர். சிங்கப்பூரில் ஒரு வெள்ளையர் கம்பனியில் எழுதுவினைஞராக நெடுங்காலம் வேலை பார்த்தார். நாள் முழுவதும் ஆங்கிலத் தட்டச்சு இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே இருந்தவருக்கு, இதில் தமிழ் ஏன் வரக்கூடாது என்ற கேள்வி எழுந்தது. பலருக்கும் எழுந்திருக்கக்கூடிய கேள்விதான். அவர் அதைக் கைவிடவில்லை என்பதால்தான் இன்று அவரைப் பற்றி எழுதுகிறோம்.

கேள்வியின் கனத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று: மொத்தம் 247. அச்சுக்கூடத்துக்கு இது பெரிய இடைஞ்சல் அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1841 இலேயே ‘உதயதாரகை’ பத்திரிகை வந்துவிட்டது. 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். எழுத்துக்கோப்பவரின் முன்னால் எத்தனை அறைகள் கொண்ட பெட்டியையும் சாய்த்து வைக்கலாம். தட்டச்சு இயந்திரத்தில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். ஒவ்வொரு விசைக்கும் கீழொன்று மேலொன்றாக இரண்டு வடிவங்கள் என்றாலும் நூறைத் தொடாது. எண்களுக்கும் குறிகளுக்கும் இடம் விட்டால் இன்னும் சுருங்கும்.

ஆகவே எழுத்துகளைக் கூறுபோட வேண்டியிருந்தது. அரவையும் (ா) கொம்பையும் (ெ) தனி விசைகளாக்கலாம். அவை எழுத்துக்கு முன்னோ பின்னோ தமக்கென ஓர் இடம் பிடிப்பவை. ‘கொ’ என்றால் கொம்பு, க, அரவு என மூன்று தட்டு. சிக்கல் புள்ளியிலும் விசிறியிலும் (ி) இருந்தது. புள்ளி எழுத்தின் தலைக்கு மேலே வரவேண்டும். விசிறி எழுத்தோடு ஒட்டி வளைய வேண்டும். ஆனால் இயந்திரமோ ஒவ்வொரு தட்டுக்கும் காகிதம் சுற்றிய உருளையை ஓர் எழுத்தளவு நகர்த்திவிடும்.

இதற்கு வழி நகரா விசை. சில விசைகளைத் தட்டினால் அச்சு விழும், உருளை மட்டும் அசையாது. முதலில் புள்ளியைத் தட்டவேண்டும். அது காகிதத்தில் தனியே நிற்கும். அடுத்து ‘ம’வைத் தட்டினால் அதன் கீழே விழுந்து ‘ம்’ ஆகும், உருளை நகரும். எழுதும் கை எழுத்தை முடித்த பிறகே புள்ளி வைக்கிறது. இயந்திரம் புள்ளியை முதலில் கேட்டது. ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளுக்காக இந்த நுட்பம் ஏற்கெனவே இருந்ததுதான். அங்கே அது சில உயிரெழுத்துகளுக்கு மட்டும் தேவைப்பட்டது. தமிழிலோ ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் ஒரு மெய்யாவது வருகிறது. அந்தச் சிறு வசதியைப் பிடித்து ஒரு மொழி முழுவதையும் அதன்மேல் ஏற்றியதில்தான் முத்தையாவின் மதிநுட்பம் எனக்குத் தெரிகிறது.

உகரத்துக்கு இப்படிப் பொதுவான குறி கிடையாது. கு, மு, து, லு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அதனால் தட்டச்சில் ‘க’ விசையின் மேல்வரிசையில் ‘கு’, ‘ம’வின் மேல்வரிசையில் ‘மு’ என்று அவை குடியேறின. ‘டி’க்கு மட்டும் தனி விசை, ஏனென்றால் விசிறி ‘ட’வோடு மற்ற எழுத்துகளில் ஒட்டுவதுபோல ஒட்டாது.

வடிவமைப்பு முடிந்தாலும் இயந்திரம் வார்க்கச் சிங்கப்பூரில் ஆலை ஏது? ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துச் சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் அவற்றைச் செய்துகொடுத்தது. மேசையில் நிற்கும் இயந்திரத்தோடு, பெட்டிக்குள் அடக்கித் தூக்கிச் செல்லக்கூடிய ‘பிஜோ’வும் வந்தது. பின்னாளில் ரெமிங்டன், கோத்ரெஜ் கம்பனிகளும் தமிழ் இயந்திரங்கள் செய்தன. விசைகளின் இருப்பு அங்குமிங்கும் திருத்தம் கண்டு நிலைபெற்றது. இரண்டு கைகளும் ஓய்வெடுக்கும் நடு வரிசையில் இடப்பக்கம் ய, ள, ன, க, ப. வலப்பக்கம் அரவு, த, ம, ட, புள்ளி. தமிழில் அடிக்கடி வருபவையெல்லாம் விரலுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஆங்கில விசைப்பலகையில் ‘த’ இருக்கும் இடத்துக்குப் பெயர் ஜே. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

கணினி வந்தபோது அது அறிந்திருந்தது எண்களை மட்டுமே. ஜே என்பது அதற்கு 106. அந்த எண்ணைக் கண்டால் எந்தப் படத்தை வரைவது என்று சொல்வது எழுத்துரு. 106 க்கு எதிரே ‘த’வின் படத்தை வைத்துவிட்டால் கணினி ஏமாந்து தமிழ் காட்டும். பாமினி உட்படப் பல எழுத்துருக்கள் இப்படிப் பிறந்தவை. நகரா விசையும் உள்ளே வந்தது: புள்ளியின் படத்துக்கு அகலம் பூச்சியம் என்று வைத்தார்கள், அது முந்திய எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. இப்போது புள்ளியைப் பிறகு தட்டினாலே போதும். தட்டச்சுப் பழகியவர்களின் கை ஒரு பகுதிதான் மாறவேண்டியிருந்தது.

இந்த மாற்றம் நடந்த 1990 களில், போர் சூழ்ந்த குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய காலம். பற்றரியும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டிருந்த ஊரில் கணினி எங்கே ஓடும்? அதே பத்தாண்டில் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இறங்கிய யாழ்ப்பாணத்தவர்கள் பாமினியில் பத்திரிகைகளும் மலர்களும் அடித்துக் குவித்தார்கள்.

ஏமாற்று வேலைக்கு ஒரு விலை இருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ வெறும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. 1991 இல் வெளியான யுனிகோட் தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியது. அதில் ‘த’வின் எண் 2980. அது உலகில் வேறெந்த எழுத்துக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசையையும் யுனிகோட் கைவிட்டது. ‘கை’ என்றால் முதலில் க, பிறகு ஐகாரக் குறி என்றே சேமிக்கும். குறியை முன்னால் இழுத்து வரைவது மென்பொருளின் பொறுப்பு. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு அந்தப் பொறுப்பை ஏற்றது. இலங்கை 2008 இல் தன் தமிழ்த் தரத்தை வகுத்தபோது விசைப்பலகைக்கு எடுத்துக்கொண்டது, தட்டச்சு வழிவந்த ரெங்கநாதன் அமைப்பை.

இலங்கையில் கைத்தொலைபேசி 1989 இலேயே அறிமுகமாகிவிட்டாலும், குடாநாட்டில் அது பரவியது 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு. பன்னிரண்டு பொத்தான்கள், தமிழே இல்லை. ‘எப்ப வாறாய்?’ என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்பினோம். தடை விசையில் மட்டும் இல்லை. ஒரு குறுஞ்செய்தி சுமக்கக்கூடியது 1120 பிட்டுகள். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டுகள் வீதம் 160 எழுத்துகள் கொள்ளும். யுனிகோட் எழுத்துக்கு 16 வேண்டும், ஆகவே 70 தான். ‘யாழ்ப்பாணம்’ நம் கணக்கில் ஆறு எழுத்து. அரவும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அந்தக் கணக்கில் பதினொன்று. ஊர்ப் பெயரை ஏழாம் முறை எழுதத் தொடங்கினால் செய்தி பாதியில் முறியும்.

கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவதற்கும் வழி மலாயாப் பக்கத்திலிருந்தே வந்தது. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ செயலி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. 2013 இல் ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வந்தது. இன்று தொடுதிரையில் ஒலிக்கு ஒலி ஆங்கிலத்தில் தட்டித் தமிழ் பெறும் பிள்ளைகளே அதிகம். அதைக் குறை சொல்லமாட்டேன், தமிழில் எழுதுகிறார்களே. ஆனால் ‘ழ’வைத் தேடும் விரல் ஆங்கில எழுத்து ஒன்றின் வழியாகத்தான் போகவேண்டுமா என்ற கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. முத்தையாவின் நடு வரிசையில் அந்தச் சுற்று இல்லை.

உடனடியாகக் கவனிக்கவேண்டியது வேறொன்று. பாமினியில் அடித்த கல்வெட்டுகள், பாடசாலை மலர்கள், ஊர் வரலாறுகள் பழைய கணினிகளிலும் இறுவட்டுகளிலும் கிடக்கின்றன. போரில் வீடும் ஆவணமும் இழந்த குடும்பங்களுக்குப் பாட்டன் பூட்டன் பெயர் எஞ்சியிருப்பது பல வேளை கல்வெட்டில்தான். இவற்றை யுனிகோடுக்கு மாற்றுவது கடினமல்ல. 106 ஐ 2980 ஆக்கவேண்டும், கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளவேண்டும், கொம்பும் அரவும் சேர்ந்து வந்தால் ஒகரக் குறியாக்கவேண்டும். புலம்பெயர்ந்து ஜேர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணனின் மாற்றி இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே இலவசமாகச் செய்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. அச்சக முதலாளிகள் பழைய கணினியை இரும்புக்குப் போடுமுன் அதன் வன்தட்டைக் கழற்றிக் கொடுத்தால் மீதியை மற்றவர்கள் செய்துகொள்வார்கள்.