பேர்கன் துறையைக் கட்டிய கருவாடு

ஒஸ்லோவிலிருந்து வந்த ரயிலை மீர்தாலில் விட்டு, 866 மீற்றர் உயரத்திலிருந்து ஃப்ளோம் ரயிலில் ஃபியோர்ட் கரைக்கு இறங்கினோம். வழியில் 20 சுரங்கங்கள். அவற்றில் 18 மனிதக் கையால் குடைந்தவை. பிறகு நேரோய்ஃபியோர்டில் கப்பல். ஓரிடத்தில் அகலம் 250 மீற்றர்தான். இரண்டு பக்கமும் பாறை நிமிர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் படம் எடுத்தே களைத்துப் போனார்கள். அண்ணா மட்டும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பேர்கனில்தான் வாய் திறந்தார்.

பேர்கனின் பழைய இறங்குதுறைக்கு ப்ரிக்கென் என்று பெயர். கூம்பு முகடு வைத்த மரவீடுகள் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தோளோடு தோள் நிற்கின்றன. 1702இல் எல்லாம் எரிந்த பிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியவை. 1979இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எல்லோரும் நின்று படம் எடுப்பது இந்த முகப்பைத்தான்.

இந்தத் துறையைக் கட்டியது கருவாடு. வடக்கே லொஃபோட்டனில் மாசி, பங்குனிக் குளிரில் பிடிக்கும் கொட் மீனைத் தலை நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப்பரணில் காற்றில் தொங்கவிடுவார்கள். நாங்கள் உப்புப் போட்டு வெயிலில் காயவைக்கிறோம். அங்கே உப்பே இல்லை. உறைநிலையை ஒட்டிய குளிரும் காற்றுமே வேலையை முடித்துவிடும். மீன் ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு வற்றி விறகு மாதிரி ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் கெடாது. ஐரோப்பாவின் விரத நாட்களுக்கு இதைவிட ஏற்ற உணவு ஏது?

1360 அளவில் லூபெக் முதலான ஜெர்மன் நகரங்களின் ஹன்சா கூட்டமைப்பு வணிகர்கள் இங்கே தங்கள் அலுவலகத்தை நிறுவினார்கள். அவர்களுடைய சின்னத்தில் பாதி கழுகு, பாதி முடிசூடிய கருவாடு. தானியம் விளையாத வடக்குக்கு மாவைக் கடனாகக் கொடுத்து மீனை வாங்கினார்கள். கடன் தீரும்வரை மீனவன் வேறு வியாபாரியிடம் போக முடியாது. துறைக்குள் இருந்தவர்களுக்கும் சுகவாழ்வு இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த விடலைப் பையன்கள் பெட்டிபோன்ற கட்டில்களில் இருவர் இருவராகப் படுத்தார்கள். அங்கே வேலை செய்யும்வரை கலியாணம் இல்லை. தீக்குப் பயந்து வீட்டுக்குள் அடுப்பும் இல்லை. பொதுக் கூடத்தில்தான் சூடான சாப்பாடும் கணப்பும். நோர்வேயின் மார்கழியில் அடுப்பில்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். 1754வரை அந்த அலுவலகம் இயங்கியது.

இதையெல்லாம் அண்ணாவின் மகள் தகவல் பலகைகளைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடன் என்ற இடத்தில் அண்ணா நின்றார். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஏஜென்சிக் காசுக்கு வாங்கிய கடனும் என் சீதனமும் தீரும்வரை அந்த ஊரைவிட்டு அசையவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களில் பனி அழகாக இருக்கிறது என்றுதான் எழுதியிருப்பார்.

"கத்தி பிடிச்ச கை காலமை விரியாது, தங்கச்சி. சுடுதண்ணிக்குள்ள வைச்சுத்தான் ஒவ்வொரு விரலா விரிக்கிறது" என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு இதை அன்றுதான் சொன்னார். வலது சுட்டுவிரல் இன்றைக்கும் முழுதாக நிமிர்வதில்லை.

1955இல் ப்ரிக்கெனின் ஒரு பகுதி மறுபடி எரிந்தது. அந்த இடத்தைத் தோண்டியபோது, ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வெட்டிய மரக்குச்சிகள் முதலானவை அறுநூறுக்கு மேல் கிடைத்தன. பல, பொதிகளில் கட்டிய பெயர்ச்சீட்டுகள். ஒன்றில் வீட்டுச் சேதி: உன்னை வீட்டுக்கு வரச்சொல்லி கீதா சொல்கிறாள். கீதா என்பது பழைய நோர்வேப் பெண் பெயர். யாருக்கு வெட்டியது என்று அதில் இல்லை. பின்பக்கத்தில் பதில்போல ஏதோ கிறுக்கியிருக்கிறது. யாராலும் வாசிக்க முடியவில்லை.

பேர்கன் போகிறவர்கள் முகப்போடு திரும்பிவிடாதீர்கள். வீடுகளுக்கு இடையிலுள்ள பலகை ஒழுங்கைக்குள் நுழையுங்கள். மீன்பொதி ஏற்றி இறக்கிய துறையின் உள்பக்கம் அங்கேதான் இருக்கிறது.